அந்த நொடிகளுக்குப் பெயர் தகுதியின்மையா?

முனைவர் பட்டச் சேர்க்கைக்கான நேர்காணல் அது. "78 பேர், ஆளுக்கு ஆறு கேள்வி. மொத்தம் எத்தனை பதில்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். நானூற்று அறுபத்தெட்டு என்று தமிழில் கண்டுபிடித்து, அதை ஆங்கிலத்தில் சொல்வதற்குள் சில நொடிகள் போய்விட்டன. "பேசிக்கே வீக்" என்று ஒருவர் சிரித்தார்.

எனக்குச் சொந்த ஊர் கருணாபுரம். 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றபோதுதான் இந்தப் பெயர் பலர் காதில் விழுந்தது. வாரக் கூலியில் ஒரு ரூபாய் குறைந்தாலும் மனக்கணக்கிலேயே பிடித்துவிடும் எங்கள் அம்மாக்கள் அப்போதும் செய்தியாகவில்லை.

ரஷ்ய மொழியும் ஆங்கிலமும் தெரிந்தவர்களுக்குக் கணக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வை எலிசபெத் ஸ்பெல்கியும் சக ஆய்வாளரும் 2001இல் வெளியிட்டார்கள். துல்லியமான விடை, பயிற்சி பெற்ற மொழியில் வேகமாக வந்தது. மற்ற மொழியில் தாமதமானது. தோராயமாக மதிப்பிடும்போது அந்தத் தாமதம் இல்லை.

ஆக, நான் எடுத்துக்கொண்ட நொடிகள் மொழி மாறுவதற்கான விலை. அந்த விலையைக் கொடுப்பது யார்? தமிழ்வழி அரசுப் பள்ளியை விட்டால் வேறு வழியில்லாத சேரிப் பிள்ளைகளும் கல்வராயன் மலைப் பழங்குடிப் பிள்ளைகளும்தான். தலைமுறையாக ஆங்கிலவழியில் படிக்க வசதியுள்ள சாதிகளுக்கு அதே நொடிகள் மிச்சம். அந்த மிச்சத்துக்குத்தான் 'மெரிட்' என்று பெயர்.

ஆங்கிலம் எங்களுக்கும் வேண்டும். ஆனால் கணக்கைச் சோதிப்பதாகச் சொல்லிவிட்டு மொழியை அளக்காதீர்கள். தமிழில் விடை சொல்ல விடுங்கள். கடிகாரத்தைக் கொஞ்சம் கீழே வையுங்கள். பிறகு பேசுவோம், யார் வீக் என்று.