எங்கப்பன் கிரவுண்டுக்கு வரக்கூடாதா?

பள்ளிக்கூட டீமில் யாரை இறக்குவது, யாரைக் கடைசிவரை கோட்டுக்கு வெளியே உட்கார வைப்பது என்பதில் பெற்றோர் தலையிடக் கூடாதாம். அது பி.டி. மாஸ்டர் பாடாம். நம் தோழர்களில் சிலரும் இதற்குத் தலையாட்டுகிறார்கள். அமெரிக்காவைப் பார் என்கிறார்கள். அங்கே பல பள்ளிகளில் ஆட்டம் முடிந்து 24 மணி நேரத்துக்குக் கோச்சிடம் பேசக்கூடாது, பேசினாலும் பிள்ளை எவ்வளவு நேரம் ஆடினான் என்ற பேச்சை எடுக்கக் கூடாது என்று விதி வைத்திருப்பது உண்மைதான்.

அந்த விதியை இங்கே கொண்டுவந்தால் யார் வாய் அடைபடும்? ஊர்த்தெருக்காரன் எப்போது வாய்திறந்து கேட்டான்? அவன் பனியன் எடுத்துக் கொடுக்கிறான், நெட் வாங்கித் தருகிறான், குறுவட்டப் போட்டிக்கு வேன் பிடித்து அனுப்புகிறான். வேன் கொடுத்தவன் பிள்ளையை எந்த மாஸ்டர் உட்கார வைப்பார்? மாஸ்டரை மட்டும் திட்டிப் பிரயோசனமில்லை. பந்துக்கும் பஸ் காசுக்கும் கையேந்துகிற நிலையில்தான் அரசாங்கம் அவரை வைத்திருக்கிறது. கபடி என்றால் இன்னொரு சங்கதியும் உண்டு. தொட்டுப் பிடிக்கிற ஆட்டம் அது. சேரிப்பயல் தன் மகனை மண்ணில் அமுக்குவதைப் பார்க்கச் சகிக்காத அப்பன்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நம்ம அப்பன் ஆத்தா? கிரவுண்டுக்கு வந்தால் ஒருநாள் கூலி போச்சு. வந்தாலும் கேட் ஓரமா நிக்கிறது. "சார், எம்புள்ளய ஏன் சார் எறக்கல?" என்று கேட்டுவிட்டால் அது தலையீடு. வேன் கொடுத்தால் ஒத்துழைப்பு!

வெறும் விளையாட்டுதானே என்று நினைக்காதீர்கள். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு 500 இடம். அரசு வேலையில் 3 சதவீதம். அதற்கெல்லாம் மேல்மட்டப் போட்டிச் சான்றிதழ் வேண்டும். குறுவட்டத்தில் களமிறங்காதவன் மாவட்டத் தேர்வாளர் கண்ணில் எப்படிப் படுவான்? ஏழு பேர் ஆடுகிற கபடியில் எட்டாவது ஆளாக உட்கார வைக்கப்பட்டவன் இழப்பது அந்த நாற்பது நிமிடத்தை மட்டுமா?

"திறமை இருந்தா தானா வெளிய வரும்" என்பார்கள். 2025இல் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற கபடி அணியில் கண்ணகி நகர்ப் பெண் ஒருத்தி இருந்தாளே என்று சாட்சியும் சொல்வார்கள். ஒருத்தி வந்தாள், சரி. உட்கார்ந்தே பள்ளிக்கூடம் முடித்தவர்களை யார் எண்ணினார்கள்?

பல்வங்கர் பாலுவுக்குத் திறமை குறைவா? சமார் சாதியில் பிறந்தவர். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுக்கு மேல் சாய்த்தவர். அவர் பந்துவீச்சு வேண்டும், ஆனால் டீயை மட்டும் வெளியே நின்று தனிக் குவளையில் குடிக்க வேண்டும். பம்பாய் இந்து அணிக்குத் தலைவராக அவரை நியமிக்க மனசு வரவே இல்லை. 1920இல் அவர் தம்பிகள் சிவராமும் விட்டலும் ஆட மறுத்து வெளிப்படையாகக் கண்டித்தார்கள். 1923இல் விட்டல் தலைவரானார். பந்து பேசியது போதவில்லை, வீட்டார் பேச வேண்டியிருந்தது. (இதே பாலு 1937 தேர்தலில் காங்கிரஸ் ஆளாக அம்பேத்கரை எதிர்த்து நின்று தோற்றது தனிக்கதை. அதை இன்னொரு இதழில் பேசலாம்.)

நடுக்கிரவுண்டில் மாஸ்டர் சட்டையைப் பிடிக்கச் சொல்லவில்லை. கேட்க வேண்டிய இடம் வேறு. 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிற பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு விகிதாச்சார இடம். நம்ம அரசு உயர்நிலைப் பள்ளிகளிலும் இந்தக் குழு இருக்கிறது. டீம் தேர்வு என்றைக்கு என்று முன்கூட்டியே சொல், எந்த மேட்சில் யார் எத்தனை நிமிடம் ஆடினார்கள் என்று நோட்டில் எழுது, அதைப் போர்டில் ஒட்டு, பக்கத்திலேயே யார் என்ன நன்கொடை கொடுத்தார் என்பதையும் ஒட்டு என்று அங்கே கேட்க வேண்டும். இதில் மாஸ்டருக்கும் லாபமுண்டு. வேன்காரனுக்குப் பதில் சொல்ல அவர் கையிலும் ஒரு நோட்டு இருக்கும்.

படிக்கிற தம்பி தங்கைகளே, குறுவட்டப் போட்டிக்கு முந்தின குழுக் கூட்டம் என்றைக்கென்று விசாரித்து வையுங்கள். ஆத்தாவைக் கூட்டிக்கிட்டுப் போங்க. அன்னிக்குப் போற கூலியை நாம ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் குடுத்துரலாம்.