தட்டில் குறைத்த எடை



எடை குறைக்க எல்லோரும் சொல்வது, "தினமும் வேகமாக நடங்கள்." குழித்தறியில் கால் தொங்கவிட்டு முப்பது வருடம் குனிந்தே நெய்தவன் நான். தெருமுனை வரை நடந்தாலே இடுப்பு பிடித்துக்கொள்கிறது. நடக்காததால் எடை ஏறியது. ஏறிய எடை இடுப்பை மேலும் படுத்தியது. எங்கள் பிள்ளையார்பாளையத்தில் என்னைப் போலப் பலர்.

கடைசியில் கை வைத்தது சாப்பாட்டில்தான். நாளுக்கு ஐந்து டீ குடிப்பேன். டீக்கு இரண்டு கரண்டி சர்க்கரை என்றால் பத்துக் கரண்டி, ஏறக்குறைய 50 கிராம். அதுவே 200 கலோரி! சர்க்கரையை விட்டேன், கூட வரும் வடையையும். மதியச் சோறு பாதியாகி, கீரையும் சுண்டலும் அந்த இடத்துக்கு வந்தன. வரதராஜப் பெருமாள் கோயில் இட்லியை மட்டும் விட மனமில்லை. மிளகு, சீரகம், சுக்கோடு நெய்யும் உண்டே, அதனால் ஒரு துண்டோடு சரி. ஆறு மாதத்தில் ஆறு கிலோ குறைந்தது. வலி முழுதாகப் போகவில்லை. ஆனால் குழியிலிருந்து யார் கையையும் பிடிக்காமல் எழுகிறேன். (கால் மரத்துப்போகிறவர்கள் உணவை நம்பிக் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.)

2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டம் இயன்முறை சிகிச்சையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. அதுபோல, நெசவாளர் கூட்டுறவு சங்கங்களில் கூலி வாங்கும் நாளில் மாதம் ஒருமுறை உணவு ஆலோசகர் ஒருவரை உட்கார வைக்க அரசு ஏற்பாடு செய்ய வேண்டும்.

ஒரு பட்டு நெசவாளர்,
காஞ்சிபுரம்.