கோடைத் திட்டம் யாருக்கு?

இரண்டாவது பிரசவத்துக்காக என் மகள் கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள். சிசுவுக்கு 20 நாள். மூத்த பையனுக்கு இரண்டரை வயது. வெளியிலோ அக்கினி நட்சத்திரம். இந்தச் சமயத்தில் சென்னையிலிருந்து மாப்பிள்ளை பையனுக்கு ஒரு கோடைத் திட்டம் அனுப்பியிருக்கிறார். 9 மணிக்கு வர்ணம் தீட்டுதல், 10 மணிக்குக் களிமண், 11 மணிக்குக் கதை. ஐந்தாண்டுத் திட்டம் தோற்றது, போங்கள்! இதையெல்லாம் யார் செய்விப்பது என்பது மட்டும் அதில் இல்லை.

யார் தலையில் விழும் என்று எல்லோருக்கும் தெரியும். பச்சைக் குழந்தை நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். தடவைக்கு அரை மணி என்றாலும் 4 முதல் 6 மணி நேரம் அதிலேயே போய்விடும். மிச்சத்தில் அவள் தூங்குவதா, களிமண் பிசைவதா?

சும்மா இருந்தால் பிள்ளையின் மூளை மழுங்கிவிடும் என்கிறார்கள். யார் சொன்னது? ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தை நாளில் 3 மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்று 2019-இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. பெஞ்சில் உட்காரச் சொல்லவில்லை.

முந்தாநாள் பையன் தூளியைப் பிடித்துக்கொண்டு, "என்னையும் இதிலே போடு" என்று அழுதான். அவன் இழந்தது மடி. அதற்கு வர்ணப் பெட்டியா ஈடு?

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. 1994 கோடையில், தம்பி பிறந்தபோது, இதே மகளை அவள் அத்தை வீட்டுக்கு அனுப்பினேன். நாவல் எழுத எனக்கு அமைதி வேண்டியிருந்தது. ஒரு மாதம் கழித்து அழைத்துவரப் போனால், அத்தையின் புடவைக்குள் ஒளிந்துகொண்டாள். நாவலைப் பாராட்டி நாலு பேர் எழுதினார்கள். அந்தப் புடவைத் தலைப்புத்தான் இன்னும் கண்ணில் நிற்கிறது.

2017-இல் வந்த சட்டத் திருத்தம் தாய்க்கு 26 வார விடுப்புத் தந்தது. தகப்பனைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. மாப்பிள்ளையின் கம்பெனி கொடுத்தது 5 நாள். அது ஆஸ்பத்திரி வாசலிலேயே தீர்ந்துவிட்டது. சட்டத்தின் குறைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கலியாணத்துக்கும் சபரிமலைக்கும் லீவு சேர்த்து வைக்கத் தெரிந்த நமக்கு, இதற்குச் சேர்க்கத் தெரியாதா?

என் திட்டம் சுருக்கமானது. வெயில் ஏறுமுன் ஒரு வாளித் தண்ணீர், ஒரு டம்ளர். பக்கத்தில் கண்ணை எடுக்காமல் நான். சாண் தண்ணீரும் அந்த வயதுக்கு ஆபத்து. சாயங்காலம் குளக்கரை வரை நடை. பகலில் அரை மணி பாட்டி சிசுவை வைத்துக்கொள்வாள். அம்மாவின் மடி முழுக்க அவனுக்கே.

மாப்பிள்ளைக்கு இன்று பதில் எழுதிவிட்டேன்: "திட்டம் கிடைத்தது. அதை நடத்த ஓர் ஆள் தேவை. நீங்களே புறப்பட்டு வாருங்கள்."