பெரிய வீடும் தேங்கிய சரக்குதான்

சரக்கு தேங்கினால் முதல் முடங்கும் என்பது நமக்குத் தெரியும். சொந்த வீட்டு விஷயத்தில் மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

நாற்பதாண்டுகள் பருப்பு, வற்றல் மொத்த வியாபாரம் செய்த நாங்கள், கடையை மகனிடம் ஒப்படைத்தபின், ஊர்க்கோடியில் இருந்த தோட்ட வீட்டை விற்றோம். பன்னிரண்டு தென்னைக்கும் ஏற ஆள் கிடைக்கவில்லை; தண்ணீர் பாய்ச்ச எங்கள் இடுப்பு ஒத்துழைக்கவில்லை. இப்போது கடைவீதி அருகே சிறிய வீடு. தென்னைக்கு 25 அடி இடைவெளி வேண்டும். இங்கே ஒரு கறிவேப்பிலை, ஒரு எலுமிச்சை, நாலு தொட்டி, அவ்வளவுதான். வீட்டில் அம்மாள் முதல் மாதம் அழுதது உண்மை. இன்று நடந்தே கோவிலுக்குப் போய் வருகிறார்.

"நொடித்துவிட்டார் போலிருக்கிறது" என்று பேட்டையில் பேசினார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்தே நம்மில் பலர் தள்ளிப்போடுகிறோம். சக வியாபாரி ஒருவர் அப்படித்தான் இருந்தார். அவர் படுக்கையில் விழுந்தபின், பிள்ளைகள் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள்.

ஆகவே தெம்பிருக்கும்போதே மாறுங்கள். பலகாலம் வைத்திருந்த வீட்டை விற்று, இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்கினால், அதில் போட்ட லாபத்துக்கு வருமான வரி விலக்கு உண்டு. ஆடிட்டரைக் கலந்து செய்யுங்கள். மிச்சப் பணம் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். பிள்ளைகளுக்குச் சொத்தை எழுதிக் கொடுப்பதானால், பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேருங்கள். தவறினால் ரத்துக் கோர 2007-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. பாசம் வேறு, பத்திரம் வேறு.

நம் கணக்கை நாமே முடிப்பதுதான் வியாபாரிக்கு மரியாதை.