பதினாலு சென்ட் பார்வை

விண்வெளி அரசியலுக்கு அப்பாற்பட்டது. செயற்கைக்கோளின் கண்ணுக்குச் சாதியும் கட்சியும் கிடையாது. அந்தக் கண் எடுத்த படத்தை எதிர்த்து இடுக்கி மலையில் கடையடைப்பு நடத்தியவர்கள் எல்லோரும் ஆக்கிரமிப்பாளர்களின் கைப்பாவைகள். இனித் தனியார் நிறுவனங்கள் வானத்திலிருந்தே இணையத்தைப் பொழிந்தால் இந்த மலைக்காரர்களுக்கும் விடிவு பிறக்கும். பாலக்காட்டிலிருந்து எழுதும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவரின் நீண்ட கட்டுரை சொல்வதன் சாரம் இதுதான். இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபத்தோடு, இரண்டாம் முறை பென்சிலோடு. நான்காம் பத்தியில் அவர் எழுப்பிய சுவரை ஒன்பதாம் பத்தியில் அவரே இடித்திருக்கிறார் என்பது பென்சிலோடு படித்தபோதுதான் பிடிபட்டது. இவ்வளவு படித்தவருக்கு அது எப்படித் தெரியாமல் போனது?

அரசியலற்ற விண்வெளிக்கு அவர் அழைத்து வரும் சாட்சி 1967-ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம். விண்வெளி மனித குலம் முழுமைக்கும் உரியது என்று சொல்லும் முதல் உறுப்போடு புத்தகத்தை மூடிவிட்டார். நான்காம் உறுப்புவரை போயிருந்தால், அணு ஆயுதத்தையும் பேரழிவு ஆயுதங்களையும் சுற்றுப்பாதையில் நிறுத்தக் கூடாது என்பதோடு அந்தத் தடை நின்றுவிடுவதையும், சுற்றுப்பாதையில் வைக்கும் மற்ற ஆயுதங்களைப் பற்றி அது வாய் திறக்காததையும் கண்டிருப்பார். அந்த மௌனத்தின் நிழலில்தான் 2007-இல் சீனா தன் செயற்கைக்கோள் ஒன்றைத் தானே நொறுக்கியது. 2019 மார்ச் 27 அன்று இந்தியாவும் சுமார் 300 கிலோமீட்டர் உயரத்தில் தன்னுடைய மைக்ரோசாட்-ஆர் கோளை ஏவுகணையால் உடைத்தது. தேர்தல் நடத்தை விதிகள் நடப்பிலிருந்த அந்த நாளில் பிரதமரே தொலைக்காட்சியில் தோன்றி அதை அறிவித்தார். இது அரசியலில்லை என்றால் எதை அரசியல் என்பது?

அதுவும் கேரளத்தில் உட்கார்ந்துகொண்டா இதை எழுதுவது? 1963 நவம்பர் 21 அன்று தும்பாக் கடற்கரையிலிருந்து சீறிய முதல் ராக்கெட் அமெரிக்காவின் நைக்-அப்பாச்சி. அதற்காக மீனவர்கள் தங்கள் மேரி மக்தலேனா தேவாலயத்தையும் குடியிருப்பையும் விட்டுக்கொடுத்தார்கள். பனிப்போரின் இரு முகாம்களும் அதே மணலில் கருவிகளை இறக்கின. அங்கிருந்து வளர்ந்த எஸ்.எல்.வி-3 ராக்கெட்டின் முதல் கட்டம் 1989-இல் அக்னி ஏவுகணையின் அடிவயிறாக மாறியது. கிரயோஜெனிக் ராக்கெட் எஞ்சின் தொழில்நுட்பத்தை இந்தியாவுக்குத் தராதே என்று அமெரிக்கா நெருக்கியதில் 1993-இல் ரஷ்யா பின்வாங்கியது. அடுத்த ஆண்டே இஸ்ரோவின் கிரயோஜெனிக் விஞ்ஞானி நம்பி நாராயணனைக் கேரளக் காவல்துறை உளவாளி என்று கைது செய்தது. அவருக்கு ஐம்பது லட்சம் இழப்பீடு தர உச்ச நீதிமன்றம் உத்தரவிட 2018 ஆகிவிட்டது. இத்தனையும் நடந்த மாநிலத்தில் இருந்துகொண்டு, மேலே போவதெல்லாம் தூய அறிவியல் என்கிறவர் வாசகரைச் சிறுபிள்ளை என்று நினைத்திருக்கிறார்.

போகட்டும். என்னை உண்மையில் சுட்டது அடுத்த வாதம்: செயற்கைக்கோள் பொய் சொல்லாது. ஒப்புக்கொள்கிறேன், சொல்லாது. அதற்குப் பேச்சே வராது; அதன் சார்பில் பேசுகிறவர்கள் மனிதர்கள். அந்தக் கடையடைப்பைக் கிளப்பிய, மேற்குத் தொடர்ச்சி மலை பற்றிய 2013 அறிக்கையைத் தந்த குழுவின் தலைவர் கஸ்தூரிரங்கன், 1994 முதல் 2003 வரை இஸ்ரோவை நடத்தியவர். மலையை விண்வெளியிலிருந்து பார்ப்பது அவருக்குக் கைவந்த கலை. அந்தக் குழு பயன்படுத்திய படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 24 மீட்டருக்கு 24 மீட்டர். பெருக்கிப் பாருங்கள்: 576 சதுர மீட்டர், நம் ஊர்க் கணக்கில் பதினாலு சென்ட். பதினாலு சென்ட்டில் எங்கள் மலையில் ஒரு வீடு, ஒரு மாட்டுத் தொழுவம், மிளகுக்கொடி ஏறிய இரண்டு பலாமரம், கொல்லையில் நாலு பாத்தி கப்பைக்கிழங்கு எல்லாம் அடங்கும். படத்தில் அத்தனைக்கும் சேர்த்து ஒரே நிறம். பெட்டிமுடி மண்சரிவில் தப்பியவர்களுக்குக் குட்டியார்வாலியில் அரசு கொடுத்தது குடும்பத்துக்கு ஐந்து சென்ட். அந்தக் கணக்கில் கிட்டத்தட்ட மூன்று குடும்பங்களின் முழு ஆஸ்தியும் ஒரு புள்ளிக்குள் போய்விடும்.

புள்ளியின் அளவைக்கூட மன்னித்துவிடலாம், ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டரை வேறு எப்படி அளப்பது? மன்னிக்க முடியாதது அதற்குப் பிறகு நடந்தது. ஒரு வருவாய்க் கிராமத்தின் பரப்பில் நூற்றுக்கு இருபது பங்கு இயற்கைச் சூழல் பாதிப்புக்கு உள்ளாகும் பகுதி என்று தெரிந்தால், மீதி எண்பதையும் சேர்த்து மொத்தக் கிராமத்தையே அந்தப் பட்டியலில் ஏற்றிவிடுவது என்று ஒரு விதி வைத்தார்கள். அந்த இருபதை எந்தக் கோள் சொன்னது? எந்தக் கேமரா கணக்கிட்டது? அது ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எடுத்த முடிவு. அந்த மேசையில் எங்கள் ஊர்க்காரருக்கு நாற்காலி இல்லை. கேரளத்தில் 123 கிராமங்கள், அதில் 47 இடுக்கியில். பாதிப்புப் பகுதி என்று முதலில் சொன்னது 13,108 சதுர கிலோமீட்டர். ஊரெல்லாம் கொதித்த பிறகு உம்மன் வி. உம்மன் குழு வந்து பார்த்து அதைச் சுமார் 9,994 ஆகக் குறைத்தது. நடுவில் காணாமற்போன மூவாயிரத்துச் சொச்சத்தை வேறொரு கோள் புதிதாகப் பறந்தா கண்டுபிடித்தது? மனிதர்கள் தரையில் நடந்தார்கள், அவ்வளவுதான். பொறியாளரும் ஒன்பதாம் பத்தியில் களஆய்வு என்னும் வழக்கமான சரிபார்ப்பு தேவை என்று போகிறபோக்கில் எழுதிவிடுகிறார். தேவை என்றால், நான்காம் பத்தியில் களஆய்வு கேட்டுக் கடையடைத்தவர்களைக் கைப்பாவைகள் என்றது எந்த நியாயம்?

இதே கதை மறுபடியும் நடந்தது. 2022 ஜூன் 3-ஆம் தேதி, பாதுகாக்கப்பட்ட காடுகளைச் சுற்றி ஒரு கிலோமீட்டராவது இடைவெளி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. மாநிலத்தின் தொலையுணர்வு மையம் செயற்கைக்கோள் படத்தை வைத்து அந்த வளையத்துக்குள் இருக்கும் கட்டடங்களை எண்ணி அந்த டிசம்பரில் வெளியிட்டது. மரத்தடி வீடுகள் நிறைய அதில் விடுபட்டிருந்தன. அப்போது ஒரு பஞ்சாயத்து ஆபீஸ் வராந்தாவில் நான் நின்றிருந்தேன். சுவரில் செலோடேப் போட்டு ஒட்டிய வரைபடத்துக்கு முன்னால் ஏலக்காட்டு வேலைக்குப் போகும் ஒரு வயதான அம்மா. ஒரு கையில் பிளாஸ்டிக் பைக்குள் கரண்டு பில், ரேஷன் கார்டு, வீட்டுவரி ரசீது. மறு கையின் ஆள்காட்டி விரலில் ஏலக்காய்க் கறை. விரலைப் பச்சை நிறத்தின்மேல் மெதுவாக நகர்த்திக்கொண்டே கேட்டார்: "இதுல எங்க வீடு எங்கப்பா இருக்கு?" ஏலம் நிழலில் வளரும் பயிர். மரத்தை விட்டால் ஏலம் இல்லை, ஏலத்தை விட்டால் அந்த அம்மாவுக்குச் சோறு இல்லை. மரத்தைக் காப்பாற்றி அதன் அடியிலேயே குடியிருந்ததால் அவருடைய தகர வீடு வானத்துக்குத் தெரியவில்லை. மரத்தை வெட்டி மொட்டையாக்கிக் கட்டிடம் எழுப்பியவன் பளிச்சென்று தெரிந்தான். காட்டைக் காத்தவளைக் காணாமலாக்குவதும் அழித்தவனைப் பதிவேட்டில் ஏற்றுவதும் சூழலியலா? 2023 ஏப்ரலில் நீதிமன்றமே தன் உத்தரவைத் தளர்த்தியது. அந்த அம்மா வரிசையில் நின்று இழந்த நாட்கூலியை யாரும் திருப்பித் தரவில்லை.

கல்குவாரிக்காரனும் ரிசார்ட்டுக்காரனும் இந்தப் பயத்தின் முதுகில் ஏறிச் சவாரி செய்தது உண்மை. மேற்குத் தொடர்ச்சி மலையைக் காக்கச் சொன்ன காட்கில் அறிக்கையை ஆதரித்த ஒரே குற்றத்துக்காக பி.டி. தாமஸுக்கு 2014-இல் இடுக்கித் தொகுதி கிடைக்காமல் போனதும், அவருக்குச் சவ ஊர்வலம் நடத்தியதும் எங்கள் மலைக்கு அவமானம்தான். ஆனால் ஆக்கிரமிப்பவனுக்கு வக்கீல் இருக்கிறார், பட்டா வாங்கிக்கொடுக்க ஆள் இருக்கிறது. மங்கலான படம் அவனை ஒன்றும் செய்யாது. அவனையும் அந்த அம்மாவையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிய பொறியாளர் அந்த ஆக்கிரமிப்பாளனுக்குத்தான் உதவியிருக்கிறார்.

இனி வியாபாரம். பெட்டிமுடியை அவர் சாட்சிக்கு இழுத்திருக்கிறார், செத்தவர்களின் பெயரைச் சொல்லி இணைய டிஷ் விற்க. 2020 ஆகஸ்ட் 6 இரவு, 600 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டிய நாளில், லயங்கள் என்னும் தொழிலாளர் குடியிருப்புகளின் மேல் மலை இறங்கியது. எழுபது பேர், தேயிலைத் தோட்டத் தமிழ்க் குடும்பங்கள். அன்றைக்கு வானத்தில் செயற்கைக்கோளுக்குப் பஞ்சமா? இன்சாட்-3டி 2013-லிருந்தும் 3டிஆர் 2016-லிருந்தும் அந்த மேகத்தைப் படமெடுத்துக்கொண்டுதான் இருந்தன. கரண்டு போய் மொபைல் டவர் செத்துக் கிடந்ததால் சேதி வெளியே வர விடிந்துவிட்டது. பெரியவரைப் பாலம் அடித்துப் போயிருந்ததால் வண்டிகள் போக முடியவில்லை. இல்லாமற்போனது ஒரு ஜெனரேட்டர், ஒரு சங்கு, ஒரு பாலம். இதில் எது சுற்றுப்பாதையில் கிடைக்கும்? இரவு பத்தரைக்கு மேல் தூங்கிக்கொண்டிருந்தவர்களை எந்த இணையம் எழுப்பியிருக்கும்?

2015-இல் பெம்பிளை ஒருமை என்ற பெயரில் தேயிலைத் தோட்டப் பெண்கள் மூணாறு சாலையில் போராட உட்கார்ந்தபோது அவர்களின் நாட்கூலி 232 ரூபாய். அந்த வீடுகளை நம்பியா 2025 ஜூனில் செயற்கைக்கோள் இணைய நிறுவனமான ஸ்டார்லிங்க் இந்திய உரிமம் வாங்கியது? செயற்கைக்கோள் அலைக்கற்றையை ஏலமின்றி ஒதுக்க 2023-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டம் வழி செய்திருக்கிறது. அப்படிப்பட்ட அலைக்கற்றையைத் தனியாருக்குத் தர முயன்ற தேவாஸ்-ஆன்ட்ரிக்ஸ் ஒப்பந்தத்தில் கையைச் சுட்டுக்கொண்ட நாடு இது என்பதைக் கட்டுரை ஒரு வரியில்கூட நினைவுபடுத்தவில்லை. 2022-இல் கிரிமியா அருகே ஸ்டார்லிங்க் சேவையைத் திறந்துவிட மாட்டேன் என்று அதன் முதலாளி முடிவெடுத்தார், ஒரு ராணுவ நடவடிக்கை நின்றது. அப்படிப்பட்ட சாவியை வெளிநாட்டுக்காரர் சட்டைப்பையில் வைத்துவிட்டு, அதை மலைவாசிகளின் விடுதலை என்று பெயர் சூட்டுவதில் யாருக்கு லாபம்? சேவை வந்துவிட்டாலும் போதுமா? அரிக்கொம்பன் யானையின் கழுத்தில் 2023 ஏப்ரலில் செயற்கைக்கோள் பட்டை கட்டினார்கள். அடுத்த மாதம் அவன் அந்தப் பட்டையோடுதான் கம்பம் நகரத் தெருக்களில் ஓடினான். சமிக்ஞை வந்தால் போதாது, அதைக் கேட்டுத் தெருவுக்கு ஓடிவந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

ராணுவத்தைப் பற்றிய பத்தியில் அவர் நெம்மாறையின் பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயரைக் கொண்டாடுகிறார். கொண்டாடட்டும், மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யானுக்குத் தேர்வான அந்த விமானியால் பாலக்காட்டுக்குப் பெருமைதான். அதே மூச்சில் விண்வெளி அமைதிக்கு மட்டும் என்று எழுதும்போது, தேர்வான நால்வரும் விமானப்படையினர் என்பது அவருக்கு ஏன் உறுத்தவில்லை? நாட்டுக்கு ராணுவக் கோள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மேகத்தையும் இருட்டையும் துளைத்துப் பார்க்கும் ரேடார் கண்ணைக் கேட்கிறேன். மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு 2009-இல் அவசர அவசரமாக ரிசாட்-2 மேலே போனது எல்லையைக் காக்க. மழைக்காலம் முழுக்க மேகம் மூடிக் கிடக்கும் இடுக்கிக்கும் அதே கண்தான் வேண்டும். அமெரிக்காவோடு சேர்ந்து செய்த நிசார் கோள் 2025 ஜூலை 30 அன்று போயிருக்கிறது. வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை மண்சரிவு நடந்து சரியாக ஓராண்டு. அந்தக் கோள் மரத்துக்கு அடியிலும் நிலத்தின் சிறு அசைவை அளக்கக்கூடியது, பன்னிரண்டு நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்குத் திரும்பி வரக்கூடியது.

பொறியாளர் பதில் எழுதுவார் என்று நம்புகிறேன். எழுதும்போது ஒன்றுக்கு மட்டும் நேராக விடை தரட்டும்: அந்தப் படம் வந்து இறங்கும் நாளில், தேவிகுளம் தாலுகாவில் அதைத் திறந்து பார்க்கும் நாற்காலி எது, அதில் உட்கார்ந்திருப்பவர் லயத்துக்குப் போட வேண்டிய போன் நம்பர் என்ன?