அரிய பறவைப் பதிவை இனி நம்பவே முடியாதா?

"செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. எந்தப் பறவையையும் எந்தக் கிளையிலும் உட்காரவைத்துப் படம் செய்துவிடலாம். இணையத்தில் வரும் அரிய பறவைப் பதிவு எதையும் இனி நம்ப வழியில்லை." பறவை பார்ப்பவர்களே இப்படிச் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். விரக்திப் பேச்சுத்தானே என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. இந்தப் பேச்சைக் கேட்டுத்தான் புதிதாக வரும் பிள்ளைகள் குறிப்பேட்டை மூடுகிறார்கள். நேர்மையாக எழுதப்பட்ட பதிவுகளும் பொய்களோடு சேர்த்து ஒதுக்கப்படுகின்றன. இந்த வாதம் எவற்றின் மேல் நிற்கிறதோ, அவற்றில் ஒன்றுகூட உறுதியானதில்லை.

படம்தான் சான்று, படத்தைப் போலியாக்க முடிந்தால் சான்று போயிற்று என்கிறார்கள். அலுவிகாரையை எடுத்துக்கொள்வோம். மாத்தளையிலிருந்து தம்புள்ளை போகும் வீதியில் பாறை விகாரை, அதைச் சுற்றி மிளகும் கொக்கோவும் சாதிக்காயும் வளரும் வாசனைத் திரவியத் தோட்டங்கள். அங்கே எடுத்ததாக, நீண்ட வெள்ளை வாலோடு வெள்ளை நிற ஆண் அரசவால் ஈப்பிடிப்பான் ஒன்றின் படம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மிகத் தெளிவான படம். திகதி மட்டும் ஜூலை 10. இலங்கையிலேயே கூடுகட்டி வாழும் அரசவால் ஈப்பிடிப்பானில் ஆண் பறவை கடைசிவரை செம்பழுப்பாகவே இருக்கும்; வெள்ளைக்கு மாறுவதில்லை. வெள்ளை ஆண்கள் இந்தியாவிலிருந்து வலசை வருபவை. ஒக்டோபரை ஒட்டி வந்து ஏப்ரலுக்குள் திரும்பிவிடும். எனவே படத்தைப் பெருப்பித்துப் பார்க்கும் முன்பே கேள்வி எழுந்துவிடுகிறது. அதே படம் ஜனவரித் திகதியோடு வந்தால் யாரும் புருவம் உயர்த்த வேண்டியதில்லை.

ஜூலையில் அப்படியொரு பறவை இருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. இறக்கை காயப்பட்டு இங்கேயே தங்கிப்போனதாக இருக்கலாம். ஆனால் அப்போது பதிந்தவரிடம் கேட்க வேண்டியவை கூடுகின்றன. இந்தப் படத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் எங்கே? கமராவிலிருந்து இறங்கிய மூலக் கோப்பு இருக்கிறதா? அன்று காலை வேறென்ன பறவைகளைக் கண்டார்? பின்னால் தெரியும் இலை எந்த மரத்தினுடையது? படம் முழுக்க உண்மையாக இருந்து, இடமும் திகதியும் மட்டும் பொய்யாக இருக்கும் பதிவை இந்தக் கேள்விகள்தான் பிடிக்கும். அத்தகைய பொய்க்கு எந்தச் செயற்கை நுண்ணறிவும் தேவைப்படுவதில்லை. இன்னொரு வகையும் உண்டு: கூண்டிலிருந்து தப்பிய பறவை. படமும் மெய், இடமும் மெய். ஆனால் காலில் இருக்கும் வளையமும் கம்பியில் உரசிச் சிதைந்த வால் நுனியும் அதைக் காட்டிக்கொடுக்கும்.

முழுக்கக் கணினி உருவாக்கிய படத்துக்குத்தான் எல்லோரும் அஞ்சுகிறார்கள். 2024இல் இணையத்தில் மயில் குஞ்சின் படம் தேடியவர்கள் முன் நீலக் கழுத்தும் சின்னஞ்சிறு தோகையுமாகக் குஞ்சுகள் வரிசையாக வந்து நின்றன. அவை கணினி செய்தவை. உலகம் முழுக்கப் பலர் ஏமாந்தார்கள். மாத்தளையின் வறண்ட பக்கத்துக் கிராமத்துப் பிள்ளையிடம் அந்தப் படத்தைக் காட்டியிருந்தால் சிரித்திருக்கும். மயில் குஞ்சு மங்கிய பழுப்பு நிறத்தில் கோழிக் குஞ்சைப்போலத் தாயின் பின்னே ஓடும். ஆணுக்கு முழுத் தோகை வர மூன்றாண்டளவு ஆகும். பொய்யைக் கண்டுபிடிக்க மென்பொருள் தேடி ஓடுகிறோம். பறவையை வருடம் முழுக்கப் பார்த்தவரின் அறிவு அதைவிட நம்பகமானது.

இதே வாதத்தின் மறுபக்கமும் எனக்கு உடன்பாடில்லை: படம் இல்லாதவர் சொல்வதைப் பதியவே கூடாது என்பது. இது மிளகுத் தோட்டத்தில் வேலை செய்யும் அக்காவையும், கமரா வாங்க வசதியில்லாத மாணவனையும் ஒரே அடியாக வெளியே தள்ளுகிறது. 1995இல் கிதுல்கல காட்டில் பறவையியலாளர் தீபால் வரக்காகொட தனக்குப் பழக்கமில்லாத ஓர் ஆந்தைக் குரலைக் கேட்டார். இலங்கை ஆந்தைகளின் குரல்களை அறிந்தவர் என்பதால்தான் அது அவற்றில் எதனுடைய குரலும் இல்லை என்று அவருக்குப் பட்டது. குரலைத் தொடர்ந்து தேடினார். 2001 ஜனவரியில் சிங்கராஜாவில் பறவையைக் கண்ணால் கண்டார். 2004இல் அது செரண்டிப் ஆந்தை என்ற புதிய இனமாக அறிவியல் பெயர் பெற்றது. 1868க்குப் பிறகு இலங்கையில் கண்டுபிடிக்கப்பட்ட முதல் புதிய பறவையினம் அதுதான். படமில்லை என்று அந்தக் குரலை அன்றே ஒதுக்கியிருந்தால் என்னவாகியிருக்கும்?

அதற்காக, கேட்டேன் என்று சொன்னால் போதும் என்றாகிவிடாது. செரண்டிப் ஆந்தை தென்மேற்கின் ஈரவலய மழைக்காடுகளுக்கு உரியது. அலுவிகாரைக் கொக்கோ மரத்தில் அது கத்தியது என்று ஒருவர் எழுதினால், அதுவும் கைபேசிச் செயலி காட்டிய பெயரை மட்டும் நம்பி எழுதினால், கடுமையாகக் கேட்கத்தான் வேண்டும். எவ்வளவு தூரத்தில் கேட்டது, எத்தனை நேரம், எந்த இடைவெளியில் கத்தியது, அங்கே வழக்கமாகக் கேட்கும் ஆந்தைகளின் குரலிலிருந்து எப்படி வேறுபட்டது? புத்தகத்தைத் திறந்து பார்க்கும் முன் அந்த இடத்திலேயே எழுதிய நான்கு வரிகள், பிறகு தேடிச் சேர்த்த நாற்பது வரிகளைவிட மதிப்புள்ளவை.

கணினிக்கு முந்திய காலத்தில் பொய்ப் பதிவே இல்லை என்பதுபோலப் பேசுகிறவர்களுக்கு ஹேஸ்டிங்ஸ் பதிவுகளை நினைவூட்ட வேண்டும். 1892 தொடங்கி 1930 வரை இங்கிலாந்தின் அந்தக் கரையோரத்தில் அரிய பறவைகள் கொட்டிக் கிடந்தன. அவற்றில் பெரும்பகுதி ஜார்ஜ் பிரிஸ்டோ என்ற, பறவை உடல்களைப் பதப்படுத்துபவரின் கடை வழியே வந்தது. காட்டப்பட்டவை படங்கள்கூட இல்லை, கையில் எடுத்துப் பார்க்கக்கூடிய பறவை உடல்கள். புள்ளியியலாளர் ஜான் நெல்டர் அப்பகுதியின் பதிவுகளை அண்டைப் பகுதிகளோடும் பிந்திய ஆண்டுகளோடும் ஒப்பிட்டார். இயற்கையில் நடக்க முடியாத அளவுக்கு அரியவை அங்கே குவிந்திருந்தன. 1962 ஓகஸ்டில் 29 இனங்களும் துணையினங்களும் பிரித்தானியப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன.

பெயர் பெற்றவர் சொன்னால் நம்பலாம் என்பவர்கள் கேணல் ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹேகனின் கதையைப் படிக்கட்டும். விருதுகள் பெற்ற பறவையியலாளர், நூலாசிரியர், இராணுவ அதிகாரி. மத்திய இந்தியாவின் சிற்றாந்தையான ஃபாரஸ்ட் அவ்லெட் 1884க்குப் பிறகு யாருக்கும் கிடைக்கவில்லை. தானோ 1914இல் குஜராத்தின் மாண்ட்வியில் ஒன்றைப் பிடித்ததாக அவர் சீட்டு ஒட்டி வைத்தார். பல பத்தாண்டுகள் அதுவே அந்தப் பறவையின் கடைசிப் பதிவாக நின்றது. உண்மையில் அது பிரித்தானிய அருங்காட்சியகத்திலிருந்து திருடிய தோல். ஜேம்ஸ் டேவிட்சன் 1880களில் சேகரித்தது. பறவையியலாளர்கள் பமீலா ராஸ்முசனும் நைஜல் கொலரும் அதை ஆராய்ந்தபோது, புதிதாக அடைத்துத் தைத்திருந்ததையும் மீறி, டேவிட்சன் தோலைப் பதப்படுத்தும் தனிப் பழக்கத்தின் தடயங்கள் உள்ளே எஞ்சியிருந்தன.

ஒரு பொய்ப் பதிவால் யாருக்கு என்ன நட்டம் என்று தோளைக் குலுக்குகிறவர்களுக்கும் பதில் இங்கேயே இருக்கிறது. அந்தச் சீட்டு, ஒரு பறவையை அது பிடிபட்டிராத இடத்தில் பிடிபட்டதாகக் காட்டி, அதன் கடைசிப் பதிவை முப்பது ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளியது. தேடுகிறவர்களுக்குத் தவறான இடத்தைக் காட்டியது. 1997 நவம்பரில் ராஸ்முசன், பென் கிங், டேவிட் அபட் மூவரும் நேர்மையான பழைய சீட்டுகள் சொன்ன இடங்களுக்குப் போனார்கள். மகாராஷ்டிரத்தின் ஷஹாடா அருகே ஆந்தை உயிரோடு இருந்தது, 113 ஆண்டுகளுக்குப் பிறகு. செரண்டிப் ஆந்தைக்கு 2004இல் வரக்காகொடவோடு சேர்ந்து அறிவியல் விவரணம் எழுதியவரும் இதே ராஸ்முசன்தான். கையில் பிடிக்கக்கூடிய தோலை நிராகரித்தவர், வெறும் குரலாகத் தொடங்கிய பறவையை ஏற்றார். இரண்டையும் ஒரே கண்டிப்போடுதான் சோதித்தார்.

கடைசியாக ஒரு மனக்குறை: "என் பதிவை ஏற்கவில்லை, என்னைப் பொய்யன் என்கிறார்கள்." இது கசப்பைத்தான் வளர்க்கிறது. 2002இல் தொடங்கிய இபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில், அந்த இடத்துக்கும் மாதத்துக்கும் வழக்கமில்லாத பறவையைப் பதிந்தால் விவரம் கேட்கும். பிறகு தன்னார்வலர் ஒருவர் பார்ப்பார். போதிய விவரமில்லை என்றால் பொதுத் தரவில் சேராது. பதிந்தவரின் சொந்தப் பட்டியலில் அப்படியே இருக்கும். மதிப்பிடப்படுவது எழுதிவைத்த சான்று மட்டுமே. கேள்வி கேட்பவர்களும் இதை மனதில் வைக்க வேண்டும். எடுத்த எடுப்பில் 'போலி' என்று ஊரறிய எழுதுவது மதிப்பீடாகாது. முதலில் தனியாக, மரியாதையாகக் கேளுங்கள். விவரம் தர ஒரு வாரம் கொடுங்கள். ஹேஸ்டிங்ஸ் பதிவுகளோடு 1962இல் நீக்கப்பட்ட பறவைகளில் பெரும்பாலானவை பின்னர் பிரித்தானியப் பட்டியலுக்குத் திரும்பிவிட்டன. வேறு ஆட்கள், வேறு ஆண்டுகளில், அவற்றை உண்மையாகவே கண்டு முறையாக எழுதிக் கொடுத்தார்கள்.