முடிச்சுப் போடாத மாலை

மாலை கட்டும் எங்கள் ஊரில் கடைசி முடிச்சைப் போடாமல் யாரும் நாரை அறுப்பதில்லை. முடிச்சு விழாத மாலையைத் தூக்கினால் பூவெல்லாம் மடியில் கொட்டிவிடும் என்பது பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். 2025-இல் மாணிக்க மாலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த தோவாளைக்காரர்கள் நாங்கள். அதே கைகளால்தான் அந்தப் பென் டிரைவை வெடுக்கென்று உருவினோம்.

அம்மன் கோயில் கொடைக்கு இரண்டு நாள் இருந்தது. ஊரில் முன்பு பாடிய ஓர் அண்ணாவியின் வில்லுப்பாட்டு, நான்கு கேசட்டில் ஓர் இரவு முழுக்க ஓடும் கதை. ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து அதை மடிக்கணினியில் ஏற்றி வைத்திருந்தார். மைக் செட்டில் போடுவதற்காகப் பென் டிரைவுக்கு மாற்றினோம். 'காப்பி' கொடுக்காமல் 'கட்' கொடுத்தோம்; இடம் அடைக்கிறது என்று காரணம் சொல்லிக்கொண்டோம். வாசலில் மைக் செட்காரர் ஆட்டோவோடு நின்றார். திரையில் பச்சைக் கோடு ஓடி முடிந்தது. "முடிஞ்சாச்சு, எடு மக்கா" என்றது ஒரு குரல். எடுத்தோம். பென் டிரைவின் விளக்கு அப்போதும் மினுங்கிக்கொண்டிருந்தது. எங்களில் மூன்று பேராவது அதைப் பார்த்தோம்.

அந்த மடிக்கணினியில் ஓடியது லினக்ஸ். எழுத வேண்டியதை முதலில் தன் நினைவகத்தில் வாங்கி வைத்துக்கொண்டு, பிறகு சாவகாசமாகப் பென் டிரைவில் இறக்கும். கோடு முடிந்தாலும் வேலை முடிந்திருக்காது. 'எஜெக்ட்' கொடுத்தால்தான் மிச்சத்தை உடனே இறக்கி, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எவ்வளவு நீளம் என்ற பட்டியலையும் எழுதி மூடும். நாங்கள் அதற்கு விடவில்லை. கோப்புகளின் பெயர்கள் வந்திருந்தன. பெரும்பாலானவற்றின் அளவு சுழியம்.

விண்டோஸில் இதெல்லாம் தேவையில்லை என்று பிறகு வாதாடினோம். 2018-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1809 பதிப்பிலிருந்து, சட்டென்று உருவினாலும் தாங்குகிற அமைப்பே இயல்பாக வருகிறது என்பது உண்மைதான். ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போதே உருவினால் அதுவும் காப்பாற்றாது. எங்கள் பென் டிரைவோ ஸ்டுடியோ, ஜெராக்ஸ் கடை, டிவி, மைக் செட் என்று ஊரெல்லாம் சுற்றுவது. எந்தப் பெட்டியில் என்ன அமைப்பு என்று நாங்கள் ஒருநாளும் பார்த்ததில்லை.

கேசட் இருக்கும் என்று ஓடினோம். வீட்டுக்கு வெள்ளையடித்தபோது அதை ஆக்கர் கடையில் போட்டிருந்தோம். "அதான் கம்ப்யூட்டர்ல இருக்கே" என்று சொல்லித்தான் போட்டோம்.

நாகர்கோவிலில் ஒரு கடையில் கொடுத்துப் பதினோரு நிமிடத்தை மீட்டோம். குடம் கேட்கிறது, உடுக்கை கேட்கிறது. அண்ணாவி காப்புப் பாடி, அம்மனை அழைத்து, கதைக்குள் நுழைகிற இடத்தில் நின்றுவிடுகிறது.

அந்தக் கொடைக்குச் சினிமாப் பாட்டுப் போட்டோம். அப்பாவின் குரலைக் கேட்க அண்ணாவியின் மகள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பென் டிரைவ் கெட்டுப்போயிற்று என்று அவரிடம் சொன்னோம். அது கெடவில்லை. அன்று ராத்திரி சினிமாப் பாட்டு ஓடியது அதே பென் டிரைவில்தான்.